பிக்கப்பின் பின் சீட்டைக் கழற்றி மாட்டுவது

அடைமழை விட்ட மறுநாள் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள) பிக்கப்பின் பின்கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு நாற்றம் அடிக்கிறதா? கண்ணாடியில் வாசனை அட்டை வாங்கித் தொங்கவிட்டுப் பயனில்லை. ஈரம் கார்ப்பெட்டுக்கு அடியில் நிற்கிறது, அதை எடுக்கப் பின் சீட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா, டிரைட்டன் என்று இங்கே சிங்கப்பூரில் அடிக்கடி கண்ணில் படும் வண்டிகளில் போல்ட்டின் இடமும் எண்ணிக்கையும் மாறும், வேலையின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கழற்றுவது சுலபம். தவறுகள் பெரும்பாலும் திரும்ப மாட்டும்போதுதான் நடக்கின்றன, அவற்றில் பாதி சீட் பெல்ட்டைச் சேர்ந்தவை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் இதைச் செய்யக் கிளம்பாதீர்கள். அங்கே வண்டி பழுதுபார்ப்பது விதிக்குப் புறம்பு. பக்கத்து வண்டிக்காரரும் சும்மா இருக்கமாட்டார். கம்பெனி யார்டு, கூரையுள்ள லோடிங் பே, காக்கி புக்கிட் அல்லது சின் மிங் பக்கம் தெரிந்தவர் வொர்க்‌ஷாப் என்று ஏதாவது ஓரிடம் பாருங்கள். சீட்டு வெளியே கிடக்கும்போது மழை பிடித்தால் ஸ்பாஞ்ச் முழுக்கத் தண்ணீர் குடித்துவிடும், பிறகு அதைக் காயவைப்பது தனி வேலை. அதனால் கூரை முக்கியம்.

அரை அங்குல ராட்செட், நீளமான பிரேக்கர் பார் (இறுகிய போல்ட்டைத் திருப்பும் நீளப் பிடி), 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள், 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன், டி50 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட், மூடிகளை நெம்பும் பிளாஸ்டிக் டிரிம் கரண்டி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் போதும். ஜப்பானிய வண்டிகளில் எம் 6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டின் தலை 10 மி.மீ., எம் 8-க்கு 12, எம் 10-க்கு 14. தலையைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தத் தடிமன் என்று சொல்லிவிடலாம். டார்க் ரெஞ்ச் மட்டும் இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள், கை அனுமானம் இந்த வேலைக்கு ஆகாது.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள். பின் சீட்டில் ஏர்பேக் இல்லாத வண்டியிலும் சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிளுக்கு வயர் போயிருக்கலாம். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் பிரிடென்ஷனர் (மோதலில் பெல்ட்டை இறுக்கும் கருவி) சம்பந்தப்பட்டது, பேட்டரி இணைப்பில் இருக்கும்போது தொடக்கூடாது. கனெக்டர் பிரிந்திருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கும்வரை அணையாமல் இருக்கக்கூடும்.

முன் சீட்டுகளை முழுக்க முன்னே தள்ளி, ஹெட்ரெஸ்ட்டுகளைக் கழற்றி, போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு அடிமெத்தையில் தொடங்குங்கள். வாரையோ நெம்புகோலையோ இழுத்தால் அது மேலே மடங்கும். முன்பக்கக் கால்களில் பிளாஸ்டிக் மூடி இருக்கும், பின் ஓரத்திலிருந்து கரண்டியால் நெம்பினால்தான் கொக்கி உடையாமல் வரும். வெயிலில் நின்றே பழகிய பழைய வண்டியின் பிளாஸ்டிக் எவ்வளவு மெல்ல எடுத்தாலும் ஒன்றிரண்டு உடையும், அதற்காகக் கவலைப்படவேண்டாம். மூடிக்கு அடியில் தரையோடு சேர்த்த கீல் போல்ட்டுகள். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒருவர் மெத்தையைப் பிடித்திருக்கவேண்டும். 60:40 ஆகப் பிரிந்த சீட்டு என்றால் இரண்டு துண்டும் தனித்தனியாக வரும்.

பேக்ரெஸ்ட்டுக்கு இரண்டு ஆள் தேவை. கீழே இரண்டு ஓரத்திலும் நடுவிலும் பிராக்கெட் போல்ட்டுகள். மேற்பகுதி பல மாடல்களில் கேபின் பின்சுவரில் கொக்கியில் தொங்கும். கீழ் போல்ட்டுகள் வந்ததும் பலரும் முன்னால் இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் கொக்கி வளையும், வளைந்த கொக்கி திரும்பச் சரியாக உட்காராது, பிறகு ஓட்டும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் கேட்கும். நேராக மேலே தூக்கி, கொக்கி விடுபட்டபின் முன்னே கொண்டுவாருங்கள். நடு பெல்ட் பேக்ரெஸ்ட்டின் மேலுள்ள வழிகாட்டி வளையம் வழியாகப் போயிருந்தால் அதை முதலில் விடுவிக்கவேண்டும். வெளியே எடுக்கும்போது கதவுப் படியில் தடிமனான துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள், சீட்டுக்காலின் இரும்பு முனை பெயின்டைக் கீறினால் அங்கேதான் துரு தொடங்கும்.

இறுகிப்போன போல்ட்டோடு மல்லுக்கட்ட இம்பாக்ட் கன்னை (அதிர்ந்து சுழற்றும் விசைக் கருவி) எடுக்கத் தோன்றும். தரையில் பற்றவைத்த நட்டு அதோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் வண்டியை லிப்டில் ஏற்றி அடியிலிருந்து வெல்டிங் பார்க்கவேண்டிவரும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுத்து, பிரேக்கர் பாரில் சற்று இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். போல்ட்டுகளைக் கழற்றிய இடத்தின் பெயர் எழுதிய சிறு பைகளில் போடுங்கள். ஒரே டப்பாவில் கொட்டினால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ ஜாக்கும், ஸ்பேர் டயரை இறக்கும் நீளக் கம்பியும் இருக்கும். பிக்கப்பின் ஸ்பேர் டயர் வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. அந்தக் கம்பி இல்லாமல் இறங்காது. சுத்தம் செய்யும்போது ஓரமாக வைத்துவிட்டு மறந்தால், விரைவுச்சாலை ஓரத்தில் பஞ்சரோடு நிற்கும் நாளில்தான் அது நினைவுக்கு வரும்.

இனி ஈரம். கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருப்பதை நம்பக்கூடாது, அடியில் ஒட்டியுள்ள பஞ்சு மெத்தைதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கதவுப் படி பிளாஸ்டிக்கை மேலே இழுத்து எடுத்து, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, காகிதத் துண்டை வைத்து முழங்காலால் அரை நிமிடம் அழுத்துங்கள். நனைந்து வந்தால் தண்ணீர் நுழையும் வழியைக் கண்டுபிடிக்காமல் சீட்டை மாட்டுவது வீண். சந்தேகப்படவேண்டிய இடங்கள்: பின் கண்ணாடியின் ரப்பர் (நகரும் கண்ணாடி என்றால் இன்னும் அதிகம்), கேபின் மேலுள்ள மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட் (நீர் புகாமல் தடுக்கும் பட்டை), பேக்ரெஸ்ட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் காற்றுப்போக்கி மடல், கதவின் உள்பக்க உறைக்குள் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அந்தத் தாளை யாராவது ஸ்பீக்கர் மாற்றும்போது கிழித்திருந்தால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் உள்ளே வந்துவிடும்.

ஹோஸ் பிடித்துச் சோதிக்கும்போது கீழிருந்து மேலாகப் போங்கள். எடுத்ததும் கூரையில் பீய்ச்சினால் எல்லா இடமும் நனைந்து, எது கசிந்தது என்று தெரியாமல் போகும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருக்க, வெளியே இருப்பவர் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் விடவேண்டும்.

மழையே பெய்யாமல் ஈரம் வந்தால் குற்றவாளி ஏர்கான் வடிகுழாய். இங்கே ஆண்டு முழுக்க ஏர்கான் ஓடுகிறது. குழாய் அடைத்தால் தண்ணீர் இடப்பக்க முன் பயணியின் காலடியில் கொட்டும். பல மாடிக் கார்ப்பேட்டையின் சரிவில் ஏறும்போது அது கார்ப்பெட்டுக்கு அடியிலேயே பின்னால் ஓடிவிடும். பின்பக்கம் நனைந்திருக்கிறது என்று பின் கண்ணாடியையே குடைந்துகொண்டிருப்பவர்கள் முன் காலடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

காயவைக்க வெட் வேக்யூம் வைத்து உறிஞ்சி, கார்ப்பெட்டுக்கு அடியில் கட்டைகள் செருகி, மின்விசிறியை ஓடவிடுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் ஒரு மத்தியானம் கதவைத் திறந்துவைத்தால் காயாது. டீஹியூமிடிஃபயர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) இருந்தால் கதவை மூடி உள்ளே வையுங்கள். தரையில் உள்ள ரப்பர் மூடிகளைக் கழற்றித் தண்ணீரை வடித்திருந்தால் அவற்றைச் சீலன்ட் தடவித் திரும்பப் போடவேண்டும், இல்லாவிட்டால் சாலைத் தண்ணீரும் புகையும் அந்த வழியாக உள்ளே வரும்.

சரி, கழற்றியாயிற்று, சாமான் வைக்க வசதியாக இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா? கூடாது. பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கையை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், வண்டியைக் கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோகும்போதும் கேள்வி வரும். சரக்கு வாகனத்துக்குச் சோதனை ஆண்டுதோறும் உண்டு, பத்து வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதைவிட மோசம், பிளைவுட் அடித்துத் தரையில் ஸ்க்ரூ இறக்குவது. அந்தத் தரைத் தகட்டுக்குக் கீழேதான் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் ஓடுகின்றன.

மாட்டும் வரிசை: கார்ப்பெட், ஜாக், பேக்ரெஸ்ட், பெல்ட்டுகள், கடைசியில் அடிமெத்தை. ஜாக்கை அதன் இடத்தில் வைத்துக் கையால் விரித்து இறுக்குங்கள், தளர்ந்திருந்தால் ஆடும். பேக்ரெஸ்ட்டைக் கொக்கிகளில் மேலிருந்து இறக்கி, எல்லா போல்ட்டையும் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றியபிறகே ஸ்பேனரைத் தொடவேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டைகள் நேராக நிற்காது, அங்கேதான் மரை குறுக்கே ஏறும். விரலால் ஏறாத போல்ட் ஸ்பேனரால் ஏறினால் அது மரையை வெட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டவர்களுக்கு வரும் தலைவலி இது. சீட் பெல்ட் நங்கூர போல்ட் (பெல்ட்டை வண்டியோடு பிணைப்பது) பெரும்பாலும் மெட்ரிக் அல்ல: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. தடிமன் 11.1 மி.மீ. பார்வைக்குப் பக்கத்துச் சீட்டு போல்ட் மாதிரியே இருக்கும். அந்த நட்டில் எம் 10 போல்ட்டைப் போட்டால் பிடிப்பே இருக்காது, எம் 12-ஐத் திணித்தால் நட்டின் மரை அழியும். கடையில் ‘இதே மாதிரி ஒன்று’ என்று கேட்டு வாங்காதீர்கள். அந்த போல்ட் தொலைந்தால் உற்பத்தியாளரின் உதிரிபாகம்தான் வேண்டும், சாதாரணக் கடை போல்ட்டின் எஃகு அதற்கு ஈடாகாது.

டொயோட்டா கையேடுகளில் 14 மி.மீ. தலை சீட்டு போல்ட்டுக்கு 37 நியூட்டன் மீட்டர், பெல்ட் போல்ட்டுக்கு 42 நியூட்டன் மீட்டர் என்ற அளவுகள் அடிக்கடி வரும். உங்கள் மாடலின் எண்ணை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மரையில் கிரீஸ் தடவக்கூடாது. உராய்வு குறைந்து, ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும்போதே போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

பெல்ட் நங்கூரத் தகட்டில் வாஷரும் ஸ்பேசரும் வந்த வரிசையிலேயே போகவேண்டும். இறுக்கியபிறகும் சுழலும்படி அமைந்த தகடு சுழலாமல் நின்றால் வரிசை மாறியிருக்கிறது. தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கு வண்டியின் பாடியில் உள்ள ஓட்டைக்குள் உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். நாடாவை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினால் முறுக்கு இருப்பது தெரிந்துவிடும். ரிட்ராக்டர் (பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் உருளை) பேக்ரெஸ்ட்டுக்குள் இருக்கும் மாடலில், பேக்ரெஸ்ட்டைப் படுக்கவைத்த நிலையில் இழுத்தால் பெல்ட் வராது. அது கெட்டுப்போகவில்லை. சாய்ந்தால் பூட்டும் குண்டு உள்ளே தன் வேலையைச் செய்கிறது. நிமிர்த்தி மாட்டியபிறகு இழுத்துப் பாருங்கள்.

அடிமெத்தையை இறக்குமுன் பக்கிள்கள் எல்லாவற்றையும் இடுக்கு வழியாக மேலே எடுத்துவிடவேண்டும். ஒன்று அடியில் சிக்கினாலும் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றவேண்டியதுதான். குழந்தை இருக்கைக்கான மேல்வாரை மாட்டும் வளையங்களும் பேக்ரெஸ்ட்டுக்குப் பின்னால் நசுங்காமல் வெளியே வந்திருக்கவேண்டும்.

பேட்டரியை இணைத்தபின் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணையவேண்டும். அணையாவிட்டால் முதலில் சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டரைப் பாருங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா, பக்கிளில் போட்டு விடுபடுகிறதா என்று பாருங்கள். பேக்ரெஸ்ட்டின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னே உலுக்குங்கள். அடிமெத்தையை மேலே இழுங்கள், பூட்டு விடக்கூடாது. பிறகு வேகத்தடையுள்ள சாலையில் மெதுவாக ஒரு சுற்று. உலோகச் சத்தம் கேட்டால் ஜாக், பிளாஸ்டிக் கிறீச்சென்றால் கால்மூடி, தடித்த ‘டொம்’ என்றால் பேக்ரெஸ்ட் கொக்கி. பேட்டரியைக் கழற்றியதால் ஓட்டுநர் ஜன்னல் ஒரே அழுத்தில் மேலே போகாமல் நிற்கலாம். பல மாடல்களில், முழுக்க மூடியபிறகும் சுவிட்சை மேல்நோக்கிச் சில விநாடி பிடித்திருந்தால் சரியாகிவிடும்.