தண்டால் 30-லேயே நிற்கிறதா? ஒரு சிரட்டையை எடுங்கள்

ராணுவ வேலைக்குத் தயாராகும் பையன்களிடம் நம்ம குமரி மாவட்டத்தில் அதிகம் கேட்கிற குறை இது: முதல் இரண்டு மாதத்தில் 8-லிருந்து 30-க்கு ஏறிய தண்டால், அப்புறம் நகரவே இல்லை. உடனே என்ன செய்கிறார்கள்? தினமும் காலையில் கை நடுங்கி விழுகிற வரைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். நின்றுபோனதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிகிற மட்டும் எடுத்தால் முதல் சுற்றில் 30, அடுத்ததில் 18, மூன்றாவதில் 12. மொத்தம் 60. இதில் ஒவ்வொரு சுற்றின் கடைசி நான்கைந்தும் இடுப்பு தொங்கி, கழுத்தை நீட்டி எடுத்தவை. மறுநாள் தசை தேறுவதற்கு முன் அதே கதை. இதற்குப் பதில் ஒரு சுற்றுக்கு 15 வீதம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஆறு சுற்று எடுத்தால் 90 வரும். எல்லாமே ஒழுங்கான தண்டாலாக இருக்கும், உடம்பும் சோராது.

அதற்கு முன்னால் உங்கள் 30 உண்மையான 30 தானா என்று தெரிய வேண்டும். சுரண்டி வழுவழுப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டை (கொட்டாங்குச்சி) ஒன்றை நெஞ்சுக்குக் கீழே தரையில் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு சிரட்டையைத் தொட வேண்டும். தாடை தொட்டால் கணக்கில்லை. மேலே வரும்போது முழங்கை முழுதாக நீள வேண்டும். இறங்க இரண்டு நொடி, ஏற ஒரு நொடி. உள்ளங்கை தோளைவிடச் சற்று அகலத்தில் இருக்கட்டும், முழங்கை விலாவிலிருந்து சுமார் 45 பாகை விலகியிருக்கட்டும். இப்படி எண்ணினால் 30 என்பது 19 ஆகிவிடலாம். வருத்தப்படாதீர்கள். இனி அந்த 19-ஐ வைத்துத்தான் கணக்கு.

சோதனையின்போது ஒருவரைப் பக்கவாட்டில் நின்று போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் உடைகிறீர்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. மருந்து ஆளுக்கு ஆள் மாறுவது இங்கேதான்.

நெஞ்சு சிரட்டையைத் தொட்ட பிறகு தரையை விட்டு எழும்பவில்லை என்றால் அடிப்பகுதி பலம் போதவில்லை. சிரட்டையைத் தொடாமல் அதற்கு ஒரு விரல் மேலே இரண்டு நொடி நின்று எழும்பும் தண்டால், ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து. பாதி வரை எழும்பி, முழங்கை நீளாமல் அங்கேயே நின்றால் பின்கைத் தசை தளர்கிறது. கைகளைத் தோள் அகலத்துக்குள் கொண்டுவந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி எடுங்கள். இரண்டு பெருவிரலும் தொடும்படி வைக்கும் வைர வடிவத்துக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம், மணிக்கட்டுதான் முதலில் நோகும். கை நன்றாக இருக்கும்போதே இடுப்பு தொங்கிவிட்டால் கோளாறு வயிற்றிலும் பிட்டத்திலும். பிட்டத்தை இறுக்கி, விலாவைக் கீழே இழுத்து 30 நொடி பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடித்து நிற்பது), நான்கு சுற்று. எங்கும் உடையாமல், மூச்சு வாங்கி எரிச்சலோடு நிற்பவர்களுக்குத் தாங்கும் திறன்தான் குறை. 50 தண்டாலைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

பலத்தைக் கூட்டுவதற்கு எடையைக் கூட்ட வேண்டும். சாதாரண தண்டாலில் உடல் எடையின் ஏறத்தாழ 64 சதவீதம் கைகளில் இறங்குகிறது. பாதத்தை 30 செ.மீ. உயர்த்தினால் அது 70 சதவீதம், 60 செ.மீ. உயர்த்தினால் 74. கைகளை 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 41 தான். ஒழுங்காக 8 கூட எடுக்க முடியாதவர்கள் முட்டியை ஊன்றுவதைவிடத் திண்ணையில் கை வைத்து ஆரம்பிப்பது நல்லது. உடம்பை நேராகப் பிடிக்கும் பழக்கம் அங்கேயே வந்துவிடும். மாதத்துக்கு மாதம் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உடல் எடை 4 கிலோ ஏறியிருந்தால் ஒவ்வொரு தண்டாலிலும் இரண்டரை கிலோ கூடுதலாகத் தூக்குகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணிக்கை நின்றிருக்கும், பலம் நின்றிருக்காது.

சிரட்டைக் கணக்கில் 30 எடுக்கிறவருக்கு மூன்று வாரம் இப்படிப் போகலாம். திங்கள் எடை நாள்: பாதம் ஒரு ஹாலோ பிளாக் மேல், அதாவது 20 செ.மீ.; முதுகுப் பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலம்; ஐந்து சுற்று, சுற்றுக்கு 6 முதல் 8, இடையில் மூன்று நிமிட ஓய்வு. பை தோள்பட்டைகளுக்கு நடுவே இறுகியிருக்க வேண்டும். கழுத்துக்கு நழுவினால் தலை தாழும், இடுப்புக்கு நழுவினால் நடு முதுகு வளையும். புதன்கிழமை பாதி எண்ணிக்கை: 15 வீதம் எட்டு சுற்று, அன்று முழுவதும் பரப்பி. வெள்ளிக்கிழமை கடிகாரத்தை வைத்துப் பத்து நிமிடம், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10. மிச்ச நொடிகள் ஓய்வு. அடுத்த வாரம் 11, அதற்கடுத்து 12. ஏதாவது ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை விழுந்தால் அடுத்த வாரமும் அதே எண்ணிலேயே நில்லுங்கள். எடை, சுற்று, நிமிடக் கணக்கு மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. ஒரு வாரத்துக்கு ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும்.

தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் தண்டாலுக்கு மதிப்பெண் இல்லை, பீமில் (குறுக்குக் கம்பியில்) எடுக்கும் புல்-அப்புக்கு உண்டு என்பதால் பையன்களுக்கு இது இரட்டை லாபம். இழுக்கும் வேலையே இல்லாமல் தண்டால் மட்டும் எடுத்தால் தோள் முன்னால் வளைந்து, தோளின் முன்பக்கம் குத்தத் தொடங்கலாம். அந்தக் குத்தல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கிறவர்களுக்கு இதற்கு நேர் எதிர்: முதுகும் பிடியும் ஏற்கெனவே உழைக்கின்றன, வலை இழுத்த நாளில் கூடுதல் இழுப்பு வேண்டாம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் எடை நாளை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். காலையிலேயே முன்கை களைத்திருக்கும், மணிக்கட்டு தாங்காது.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் டைல்ஸ் தரை வேர்த்துக் கிடக்கும், கை வழுக்கும். மேலே துணி விரித்தால் அதுவும் சேர்ந்து நகரும். ஒரு ரப்பர் விரிப்பு போதும்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) மாவுச்சத்துதான் மிகுதி, புரதம் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. கூட இருக்கும் சாளை (மத்தி மீன்) கறிதான் தசைக்கு உதவுவது, 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 72 முதல் 96 கிராம் வரை புரதம் தேவை. ஆகவே கிழங்கைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கூட்டுங்கள். மீன் சாப்பிடாதவர்கள் சிறுபயறு, கடலை, பால் என்று பிரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் கிடைக்கும்.

நான்காவது வாரம் பலருக்கும் கை துறுதுறுக்கும். அப்போதும் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்: எடை நாளில் மூன்று சுற்று, பை வேண்டாம், புதனன்று நான்கு சுற்று, வெள்ளியும் சனியும் முழு ஓய்வு. மூன்று வாரக் களைப்பு இறங்கினால்தான் அந்த மூன்று வாரப் பலன் மேலே தெரியும். ஞாயிறு காலை, சிரட்டையை வைத்து ஒரே ஒரு சோதனை. 35 வந்தால் அடுத்த சுழற்சியில் பாதி 17, பை 7 கிலோ, நிமிடத்துக்கு 12-லிருந்து தொடக்கம். 30-ஏ வந்தால் படத்தைத் திரும்பப் பாருங்கள். உடையும் இடம் மாறியிருக்கும், இந்தத் தடவை மருந்து அந்த இடத்துக்கு.