தகைவிலானுக்குக் காத்திருக்கும் வாரங்கள்

மார்ச் 2

மூடுபனி. ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 12800-ஐத் தாண்டுகிறது. இன்று ஒன்றும் இல்லை.

மார்ச் 3

அனுப்பியிருந்த மான் படங்களுக்கு அக்காவிடமிருந்து ஒரே வரி: "முகம் நல்லா இருக்கு, குளம்பு ஏன் கரைஞ்சு போச்சுன்னு யோசிச்சுப் பாரு."

கணக்குப் போட்டால்தான் புரியும். மான் 40 மீட்டர் தள்ளி, நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறது. முழு ஃபிரேம் சென்சார் (36 மி.மீ. அகலம்), 500 மி.மீ. லென்ஸ். அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் அடங்கும் அகலம் மூன்று மீட்டருக்கும் குறைவு. கேமராவை ஆட்டாமல் பிடித்திருந்தால் 24 மெகாபிக்சல் சென்சாரில் 1/2000-இலும் பிம்பம் சுமார் 15 பிக்சல் இழுபடும். அப்படியிருக்க முகம் கூர்மையாக வந்ததே என்றால், அது ஷட்டரின் வேலை இல்லை. கேமராவும் மானோடு சேர்ந்து திரும்பியது, உடம்பு சென்சாரில் ஒரே இடத்தில் நின்றது.

குளம்பு விஷயம் வேறு. தரையில் ஊன்றிய குளம்பு அந்தக் கணத்தில் தரையைப் போலவே அசையாமல் இருக்கிறது. திரும்புகிற கேமராவுக்கு அது பின்னால் ஓடுகிறது. அதே 15 பிக்சல். முன்னால் வீசும் கால் உடம்பைவிட வேகமாகப் போவதால் அதுவும் கரையும். முகம் கூர்மை, கால் கரைசல் என்றால் கை சரியாகத்தான் திரும்பியிருக்கிறது, ஷட்டர்தான் போதவில்லை. 1/4000 அந்த இழுவையைப் பாதியாக்கும். முகம் கரைந்து பின்னாலுள்ள புதர் கூர்மையாக இருந்தால் கை பிந்திவிட்டது, அல்லது ஃபோகஸ் பின்னால் போய்விட்டது.

இதை ஒரே வரியில் கேட்கத் தெரிந்தவரிடம் படம் காட்டக் கிடைத்தது பெரிய பாக்கியம்.

மார்ச் 4

கண்ணில் வெளிச்சம் மின்னும் ஒளிப்புள்ளி இல்லை. மற்றதெல்லாம் சரி.

மார்ச் 6

கருத்துக் கேட்டு அனுப்பும்போது என்ன அனுப்புகிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. தேறிய ஒன்றை க்ராப் செய்து, கூர்மை ஏற்றி அனுப்பினால் பாராட்டுதான் வரும். அதை வைத்து எதைத் திருத்துவது? க்ராப் செய்யாத படம், அதற்கு முந்தைய ஐந்து, பிந்தைய ஐந்து, ஷட்டர், எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ., தூரம், ஃபோகஸ் பரப்பு எல்லாம் போக வேண்டும். வரிசையாகப் பார்த்தால் ஃபோகஸ் எந்த ஃபிரேமில் நழுவியது என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு மங்கல், மூன்றாவதிலிருந்து கூர்மை என்றால் விலங்கை லென்ஸ் பிடிப்பதற்குள்ளேயே ஷட்டரை அழுத்தியாயிற்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது ஒரு புல் தாள் குறுக்கே வந்ததும் கெட்டதென்றால், குறுக்கீட்டுக்கு ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் மாற வேண்டும் என்கிற அமைப்பைத் தாமதப் பக்கம் நகர்த்த வேண்டும். திறந்த வானத்தில் அதே அமைப்பு அவ்வளவாகத் தேவைப்படாது.

"நல்லாயில்லை" என்பதும் "அருமை" என்பதும் ஒன்றுதான். இரண்டிலும் நாளை எந்தத் திருகைத் திருப்புவது என்று இல்லை.

மார்ச் 7

தகைவிலான் குருவி வரவில்லை.

மார்ச் 8

வரவில்லை. காற்றும் இல்லை.

மார்ச் 9

வந்துவிட்டன!

காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும். நம்மை நோக்கிப் பறக்கிற குருவி எதிர்காற்றில் வருகிறது. தரைக்கு ஒப்பிட்டால் அதன் வேகம் குறைந்துவிடும். சூரியனும் முதுகுப் பக்கமே அமைந்தால் வேறென்ன வேண்டும். நீரைத் தொட்டுக் குடிக்க வருபவை பெரும்பாலும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப இறங்குகின்றன. அந்தத் தடத்தின் தூரத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, லென்ஸின் தூர வரம்புப் பொத்தானைப் போட்டுவிட்டால் அருகிலுள்ள நாணலைத் தேடி லென்ஸ் அலையாது. 1/3200, எஃப் 5.6. வெளிச்ச அளவு முழுக்கக் கையால். தானியங்கியில் விட்டால் வானம் பின்னணியாக வரும்போது குருவி கறுக்கும், கரை பின்னணியாக வரும்போது வயிறு வெளுத்துப் பொசுங்கும்.

மின்னணு ஷட்டரைத் தொடவே இல்லை. வேகமாகப் படிக்கும் அடுக்கு சென்சார் இல்லாத பல கேமராக்களில் முழு ஃபிரேமையும் வரி வரியாகப் படித்து முடிக்க 1/15 முதல் 1/60 நொடி வரை ஆகிறது. ஒவ்வொரு வரியும் 1/3200-இல் பதிவானாலும் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் சிறகு நகர்ந்துவிடும். கூர்மையாக இருக்கும், ஆனால் வளைந்திருக்கும். சோனி 2023-இல் அறிவித்த ஏ9 III போல எல்லா வரியையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் சென்சாரில் இந்தச் சிக்கல் இல்லை.

மார்ச் 10

கண். நீலக் கறுப்புத் தலையில் கறுப்புக் கண். ஒளிப்புள்ளி விழாவிட்டால் அந்தக் கண் இருந்தும் இல்லை.

மார்ச் 12

யாரோ எடுத்த மான் கூட்டத்தின் படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். வெள்ளை விழி பிதுங்குகிறது, வாய் பிளந்திருக்கிறது, பின்னால் எழும்பும் புழுதி வண்டியின் புழுதி. துரத்தி எடுத்த படம். ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒருவர் கேட்கிறார், இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வயிறு எரிகிறது.

மார்ச் 13

அக்கா மறுபடியும் மான் படங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். "கூர்மை சரி. கால் நாலும் பின்னிக்கிட்டு நிக்குது பாரு."

பாய்ச்சலில் எந்தக் கணம் என்பது தனிப் பாடம். 1878-இல் மைப்ரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் குதிரையை எடுத்துக் காட்டும்வரை, கால்களை முன்னும் பின்னும் நீட்டியபடி அது அந்தரத்தில் பறப்பதாகத்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். உண்மையில் நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் குதிரை தரையை விடுகிறது. சிவிங்கிப்புலி (சீட்டா) அப்படியில்லை, நீட்டும்போதும் மடக்கும்போதும், ஒரு சுற்றில் இரண்டு முறை அந்தரத்தில் இருக்கும். இந்த இரண்டு நிலைகளும் படத்தில் நிற்கும், நடுவிலுள்ளவை பின்னலாகத் தெரியும். நொடிக்கு மூன்று சுற்று என்று வைத்தால் 10 ஃபிரேம் வேகத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று படம்தான், நீட்டிய கணம் இடையில் விழுந்துவிடலாம். 20 ஃபிரேமில் ஆறேழு கிடைக்கும். அதற்காக அழுத்திய விரலை எடுக்காமலே இருந்தால் பஃபர் (படங்கள் அட்டைக்குப் போகுமுன் தங்கும் நினைவகம்) நிரம்பி, நல்ல பாய்ச்சல் வரும்போது கேமரா நின்றுவிடும். சிறு சிறு வெடிப்புகளாக எடுப்பதே மேல்.

மார்ச் 14

எல்லாம் கொழகொழ. ஃபோகஸ் கோளாறு இல்லை, கானல். அடுத்தடுத்த ஃபிரேமில் மங்கல் வேறு வேறு இடத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். லென்ஸின் ஃபோகஸ் திருத்தத்தைத் தொடாதே. வெயில் ஏறிய தரைமீது 80 மீட்டரை எந்த லென்ஸும் வெல்லாது. குளிர்காலையில் வண்டிக்குள் சூடேற்றிவிட்டு ஜன்னல் வழியே எடுத்தாலும் இதேதான்.

மார்ச் 17

தகைவிலான் வரிசை அக்காவுக்குப் போனது. பதில் இல்லை.

மார்ச் 18

இல்லை.

மார்ச் 19

"சிறகு கீழ வந்த ஃபிரேம்ல கண்ணு இருக்கு, மேல போனதுல இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பாத்தியா?"

இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சூரியன் உயர்ந்துவிட்டது. மேலே தூக்கிய சிறகின் நிழல் தலைமீது விழுகிறது, கீழே வந்ததும் விலகிவிடுகிறது. தாழ்ந்த வெயிலில், நேர் பக்கத்திலிருந்து எடுத்தால் இரண்டு நிலையிலும் புள்ளி விழ வேண்டும். வெளிச்சம் குறையும், ஐ.எஸ்.ஓ. 3200 வரை போகலாம். ஷட்டரைக் குறைக்கக் கூடாது.

மார்ச் 20

மழை. லென்ஸ் உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றினேன். காற்று திரும்புகிறது, நாளை எதிர்க்கரைக்குப் போக வேண்டும்.