'தி குயின்' பார்த்த வாரம்

செப்டம்பர் 2

ராத்திரி 'தி குயின்' பார்த்தேன். 2006இல் ஸ்டீபன் ஃபிரியர்ஸ் எடுத்த படம். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் கார் விபத்தில் ராணியின் முன்னாள் மருமகள் டயானா இறக்கிறார். எலிசபெத் ராணி அப்போது ஸ்காட்லாந்தில், பால்மோரல் மாளிகையில். லண்டன் அரண்மனை வாசலில் பூக்கள் மலையாகக் குவிகின்றன. ராணி வரவும் இல்லை, மக்களிடம் பேசவும் இல்லை. கதை பெரும்பாலும் அந்த ஒரு வாரம்தான். ஹெலன் மிர்ரனுக்கு ஆஸ்கர் கொடுத்தது ரொம்பச் சரி.

செப்டம்பர் 3

கொடி விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. அந்தக் காலத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராணி இருந்தால் மட்டும் அவருடைய கொடி பறக்கும், இல்லாவிட்டால் வெறும் கம்பம். அந்தக் கொடியை யார் இறந்தாலும் அரைக்கம்பத்தில் இறக்குவதில்லை. மரபுப்படி எல்லாம் சரிதான். ஆனால் விடிய விடிய வாசலில் நின்று அழுகிறவருக்கு அந்த மரபு எதற்கு? அண்ணாந்து பார்த்தால் கம்பம் மொட்டையாக நிற்கிறது. வயிறு எரியத்தானே செய்யும்? கடைசியில் செப்டம்பர் 6, இறுதிச் சடங்கு அன்றுதான் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 5

பூங்கொத்துக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். லண்டன் திரும்பிய ராணி, பூக்களோடு இருக்கும் அட்டைகளைக் குனிந்து படிக்கிறார். சிலவற்றில் அவரையே திட்டியிருக்கிறது. முகம் அப்படியே விழுந்துவிடுகிறது. கூட்டத்தில் ஒரு சிறுமி பூவோடு நிற்கிறாள். நான் வைத்துவிடட்டுமா என்று ராணி கேட்டால், வேண்டாம் என்கிறாள். ராணி ஒரு கணம் திகைத்துப்போகிறார். இது உங்களுக்கு என்கிறாள் அவள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பால்மோரலில் ஜீப் ஆற்றில் சிக்கியதும் தனியாக உட்கார்ந்து அழுகிறாரே, அப்போது முதுகுதான் நமக்குத் தெரிகிறது. கல்நெஞ்சக்காரி இல்லை. தாயை இழந்த பேரன்கள் பக்கத்தில் இருப்பதுதான் முதல் கடமை என்று நினைத்தவர். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? ஆனால் ஊரே அழும்போது ராணி பாட்டியாக மட்டும் இருந்துவிட முடியாது. பிரதமர் டோனி பிளேயருக்கு அது உடனே புரிந்தது.

செப்டம்பர் 6

ராணி தாமதமாகப் போன இன்னொரு துயரம், அபர்ஃபான் ஊர் விபத்து பற்றி இன்று படித்தேன். 1966 அக்டோபர் 21, வேல்ஸில் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் போனார்கள், அதில் 116 குழந்தைகள். ராணியின் கணவர் பிலிப் மறுநாளே அங்கே போனார். ராணி போனது எட்டு நாள் கழித்து. அப்புறம் பல முறை அந்த ஊருக்குப் போயிருக்கிறார். 'தி குயின்' எழுதிய பீட்டர் மார்கன்தான் 'தி கிரவுன்' தொடரில் இதையும் எழுதியிருக்கிறார். நாளைக்கு அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்.