மிட்பாஸ் ஹார்ன்: டிராக்ட்ரிக்ஸ் உண்மையிலேயே குட்டையா?

மிட்பாஸ் ஹார்ன் என்பது பாஸுக்குச் சற்று மேலான ஒலிகளுக்காக ஸ்பீக்கரின் முன்னால் வைக்கும் குழல்; ஒடுங்கிய தொண்டையில் தொடங்கி அகன்ற வாய்வரை விரியும். அது விரியும் வளைவுகளில் ஒன்று டிராக்ட்ரிக்ஸ்; எக்ஸ்போனென்ஷியல், ஹைபெக்ஸ், கோனிக்கல் ஆகியவை மற்றவை. "இடம் பத்தாது, அதனால் டிராக்ட்ரிக்ஸ்" என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. வளைவின் பெயரைப் பார்த்து நீளத்தைக் கணிப்பதில்தான் சிக்கல். ஒரே கட்-ஆஃபில் (கணக்கில் ஹார்னின் கீழ் எல்லை அலைவரிசை) வைத்துப் பார்த்தால் அது குட்டைதான். ஆனால் ஹார்ன் எதுவரை கீழே இறங்கி உழைக்கிறது என்பதை வைத்து ஒப்பிட்டால் கதை மாறிவிடும்.

ஒரு 12 அங்குல டிரைவரை (ஸ்பீக்கர் அலகு) எடுத்துக்கொள்வோம்: எஃப்எஸ் (இயல்பு அதிர்வெண்) 50 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் (மின் தணிப்பைக் காட்டும் எண்) 0.3, விஏஎஸ் (கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) 90 லிட்டர். ஒலிப்பொறியாளர் டான் கீல் 1977-இல் தந்த சூத்திரப்படி தொண்டைப் பரப்பு = 6.28 × 50 × 0.3 × 0.09 ÷ 344 (344 என்பது ஒலியின் வேகம், மீ./வினாடி). ஏறத்தாழ 250 ச.செ.மீ. டிரைவரின் மேல் எல்லை 2 × 50 ÷ 0.3, அதாவது 333 ஹெர்ட்ஸ்; அதற்கு மேல் கோனின் எடை இழுக்கும். 450 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் (மேல் ஒலிகளை அடுத்த ஸ்பீக்கரிடம் ஒப்படைக்கும் இடம்) வைத்தால் கொஞ்சம் ஈக்யூ (ஈக்வலைசர் திருத்தம்) வேண்டியிருக்கும்.

கட்-ஆஃப் 100 ஹெர்ட்ஸ், ஹார்ன் தரையில் உட்காருகிறது. வாய்ப் பரப்பு 0.47 ச.மீ., சுமார் 80 × 59 செ.மீ. இதற்கு டிராக்ட்ரிக்ஸ் 64 செ.மீ., எக்ஸ்போனென்ஷியல் 80, டி (வளைவின் வடிவ எண்) = 0.6 ஹைபெக்ஸ் 92.

இப்போது 120 ஹெர்ட்ஸில் தொண்டையில் கிடைக்கும் சுமையை (கோன் தள்ளுவதற்கு ஹார்னின் காற்று தரும் எதிர்ப்பு) பாருங்கள். கணக்கின்படி, முடிவிலா நீள ஹார்னில், எக்ஸ்போனென்ஷியல் தன் முழு மதிப்பில் 55 சதவீதம்தான் தருகிறது. ஹைபெக்ஸ் கிட்டத்தட்ட முழுதாகத் தருகிறது. ஒலியியலாளர் வின்சென்ட் சால்மன் 1946-இல் இந்த ஹைபெக்ஸ் வளைவுக் குடும்பத்தை வகுத்ததன் பயன் இதுதான். டிராக்ட்ரிக்ஸ் கட்-ஆஃபுக்கு அருகில் சீக்கிரமே சோர்ந்துவிடும். 100 ஹெர்ட்ஸிலிருந்து வேலை வாங்க வேண்டுமானால் 80-க்கு வடிவமைப்பது நல்லது. அப்போது நீளம் 95 செ.மீ., வாய் 0.74 ச.மீ. ஹைபெக்ஸைவிட நீளமும் அதிகம், வாயும் பெரிது. மிச்சப்படுத்திய இடம் போயே போச்சு!

கோனிக்கல் இந்த அலைவரிசைக்குச் சரிப்படாது, கீழே சுமை பிடிக்காது. ஹைபெக்ஸின் ஒடுங்கிய தொண்டை டிஸ்டார்ஷன் தரும் என்ற பயமும் இங்கே வீண், 250 ச.செ.மீ. தொண்டையில் வீட்டுச் சத்தத்துக்கு அது பொருட்டே அல்ல.

பின்னறைதான் (டிரைவரின் பின்பக்க மூடிய பெட்டி) பலர் கோட்டைவிடும் இடம். எக்ஸ்போனென்ஷியலில் தொண்டையின் ரியாக்டன்ஸை (காற்று கூடுதல் எடைபோல் கோனை இழுப்பது) ரத்துசெய்ய 344 × 0.025 ÷ 628 = 13.7 லிட்டர், டிரைவரின் சஸ்பென்ஷனையும் சேர்த்தால் 16 லிட்டர். ஹைபெக்ஸில் அந்த ரியாக்டன்ஸ், அலைவரிசை ஏற ஏற இதே ஒழுங்கில் இறங்குவதில்லை, முழுதாக ரத்தாகாது. பின்னறையை 18 லிட்டராகக் கட்டி, மரத்துண்டு போட்டுக் குறைத்துக் குறைத்து அளந்து பாருங்கள். பெட்டியை அறுத்துப் பெரிதாக்குவது முடியாத வேலை.

கோனுக்கும் தொண்டைப் பலகைக்கும் இடையே 10–12 மி.மீ. ஸ்பேசர் இல்லையென்றால் சரவுண்ட் (கோனின் ஓர வளையம்) பலகையில் தட்டும். ஆனால் கோனின் முன்குழி 2 லிட்டர் இருந்தாலே 700 ஹெர்ட்ஸ் அருகில் மேல்பகுதி சரியத் தொடங்கும். ஸ்பேசரைக் கூட்டுவதற்குப் பதில் நடுவில் மரக்கூம்பு வைத்துக் குழியை நிரப்புங்கள்.

18 மி.மீ. பிளைவுட், 25–30 செ.மீ.க்கு ஒரு குறுக்குச்சட்டம். மடிப்பு ஹார்ன் ஆசை வேண்டாம்: 30 செ.மீ. அகலப் பாதையில் 570 ஹெர்ட்ஸே அரை அலைநீளம், திருப்பங்களில் மேல்பகுதி குழம்பும்.

கடைசியாகக் கசிவு. 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, பின்னறையின் மூட்டுகளை ஒட்டி ஊதுபத்தியை நகர்த்துங்கள். புகை நேராக எழும் இடத்தில் கவலையில்லை. வெட்டி வெட்டி இழுக்கும் இடத்தில் சிலிகான் பூசுங்கள். முக்கியமாக ஒயர் வெளிவரும் துளையில்; பெரும்பாலும் அங்கேதான் புகை துடிக்கும்.