ஸ்கோர் 11, ஸ்கோர் 8: தீக்காய வார்டில் மனதை அளக்கும்போது

தீக்காயம் பட்டவரிடம் மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்பி வாங்கி, கூட்டுத்தொகையை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை என்று பொருள். கடந்த 2 வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒன்பதில் ஐந்துக்குக் காயமே பதில் சொல்லிவிடும். ஆறிவரும் தோலின் அரிப்பு தூங்க விடாது. உடலின் வளர்சிதை மாற்றம் எகிறிக் கிடப்பதால் அசதி. வலிக்குத் தரும் மார்ஃபின் போன்ற மருந்துகளால் பசி மந்தம், கவனமும் மந்தம். அசைவு குறைவதற்கோ கட்டிலில் நிலைகொள்ளாமல் புரள்வதற்கோ காரணம் தேடவே வேண்டாம்.

கற்பனையாக இரண்டு தாள்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர்: தூக்கம் 3, அசதி 3, பசி 2, கவனம் 2, நிலைகொள்ளாமை 1, மற்றவை 0. மொத்தம் 11. இரண்டாமவர்: எதிலும் நாட்டமில்லை 3, மனம் சோர்ந்திருக்கிறது 3, தன்மீதே வெறுப்பு 1, செத்துவிடலாம் என்ற எண்ணம் 1. மொத்தம் 8. எல்லைக்கோட்டை மட்டும் பார்த்தால் முதலாமவர் மனநல மருத்துவரிடம் போவார், இரண்டாமவர் வீட்டுக்குப் போவார். நடக்க வேண்டியது நேரெதிர். முதலாமவருக்கு அரிப்பையும் வலியையும் அடக்கி, 2 வாரம் கழித்து மறுபடி கேட்கலாம். இரண்டாமவரிடம் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். சாவு எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். திட்டம் இருக்கிறதா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இந்தக் குழப்பத்துக்கு ஹெச்.ஏ.டி.எஸ். என்ற, பதற்றத்தையும் சோர்வையும் அளக்கும் இன்னொரு கேள்வித்தாள் கொஞ்சம் தோது. உடல்நோய் உள்ளவர்களை மனதில் வைத்து 1983-இல் வந்தது. உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தது. பதற்றத்துக்கு 7, சோர்வுக்கு 7 கேள்விகள்; ஒவ்வொரு பக்கமும் 21-க்கு. ஒரு பக்கத்தில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும்.

எப்போது கேட்பது? மயக்க மருந்திலும் மனக்குழப்பத்திலும் இருக்கும் ஐ.சி.யூ. நாட்களில் எந்தத் தாளும் வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை, பிறகு 1, 3, 6, 12 மாதங்களில் என்று வைத்துக்கொள்ளலாம். பலரும் டிஸ்சார்ஜோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரிய ஓட்டை. வார்டில் எல்லோருக்கும் கட்டு. வீட்டில்தான் கண்ணாடி இருக்கிறது, வெறித்துப் பார்க்கும் தெரு இருக்கிறது. தழும்பும் அந்த மாதங்களில்தான் சிவந்து தடிக்கும். பி.டி.எஸ்.டி. (பயங்கர அனுபவத்துக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) என்று சொல்லவே அறிகுறிகள் 1 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஆக அதைக் கண்டுபிடிக்க உதவும் ஐந்து ஆம்-இல்லை கேள்விகள் கொண்ட சிறு தாளுக்கு முதல் மாத ரிவ்யூதான் சரியான நேரம்.

உடலில் எத்தனை சதவீதம் வெந்தது என்பதை வைத்து மனதை எடைபோடாதீர்கள். முகத்திலும் கையிலும் 4% பட்டவர், துணிக்குள் மறையும் 30% காரரைவிட உடைந்து போயிருக்கலாம்.

கட்டு மாற்றும் நேரத்திலோ மாற்றிய கையோடோ கேட்டால் வலிதான் பதில் சொல்லும். கையில் கட்டு இருப்பவருக்கு நீங்களே வாசித்துக் குறியுங்கள். உறவினர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். எல்லாத் தீயும் விபத்து அல்ல. பற்றவைத்தவரே பக்கத்தில் நின்றால் எல்லாக் கேள்விக்கும் 0 விழும்.

அடுத்து யாரிடம் அனுப்புவது என்று முடிவாகாமல் தாளை அச்சடிப்பதில் பயனில்லை. பி.டி.எஸ்.டி. என்றால் அதற்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (கண்ணசைவோடு நினைவுகளைக் கையாளும் சிகிச்சை) இரண்டும் பலன் தருபவை. நடந்ததை ஒரே அமர்வில் கொட்டவைத்து அனுப்பும் பழைய முறை வேண்டாம். சிலருக்கு அது கெடுதலாகவே முடியும்.

இன்னொன்று, தாளில் வராதது. தழும்பு தடிக்காமலிருக்க நோயாளி நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டிய இறுக்கமான அழுத்த உடை மடித்த மடிப்பு கலையாமல் இருக்கும். பிசியோதெரபிக்கு இரண்டு முறை வந்திருக்க மாட்டார். "சோம்பேறி" என்று குறிப்பெழுதும் முன், பி.ஹெச்.க்யூ-9-இன் ஒன்பது கேள்விகளில் முதல் இரண்டையாவது (நாட்டமின்மை, மனச்சோர்வு) கேட்டுவிடுங்கள். அவை இரண்டும் சேர்ந்து 6-க்கு 3 வந்தால், மீதி ஏழையும் அங்கேயே கேட்டுவிடலாம்.