கமல்தோலி ஏற்றத்தில்

வளைவு ஒன்றைக் கடந்ததும் வெயில் சட்டென்று அற்றுப்போனது. ஃபிர் என்னும் உயரமான ஊசியிலை மரங்களின் நிழலுக்குள் சைக்கிள் நுழைந்த நொடியிலேயே முதுகில் ஒட்டியிருந்த சட்டை குளிர்ந்தது.

காலையில் பொப்பிக் கோட்டையைப் பின்னால் விட்டு, இத்தாலியின் கசெந்தினோ மலைகளில் கமல்தோலி மடத்தை நோக்கி மிதித்துக்கொண்டிருந்தேன்.

வழியில் ஒரு சிற்றூரின் குழாயடியில் பாட்டிலை நீட்டியபோது, அருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டி எழுந்து வந்து, அதிலிருந்த சூடான தண்ணீரைக் கொட்டச் சொல்லிச் சைகை காட்டி, குழாயை வெகுநேரம் ஓடவிட்டு, தண்ணீர் சில்லென்று ஆன பிறகே நிரப்பவிட்டார்.

மடத்துக்கு மேலே, சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள தவக்குடில்களுக்குச் செல்லும் சாலைதான் மூச்சு வாங்க வைத்தது.

பாதியில் இறங்கி ஒரு ஃபிர் மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்தேன். பிசின் ஒட்டியது, அண்ணாந்து பார்த்தால் நுனி தெரியவில்லை.

11ஆம் நூற்றாண்டில் புனித ரோமுவால்தோ இங்கே தொடங்கிய துறவியர் சமூகம், 1866இல் அரசு கையகப்படுத்தும் வரை, வெட்டிய இடத்தில் கன்று நட்டு இந்தக் காட்டைப் பேணியது. நிழல் தரும் வரை தாம் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே எத்தனை கைகள் இங்கே மண்ணைத் தோண்டியிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது.

பீச் (beech) என்னும் காட்டு மரங்களினூடே இறங்குகையில், பிரேக்கைப் பற்றியிருந்த விரல்களில் அந்தப் பிசின் வாசம் அப்படியே இருந்தது.