கறிச்சோறும் பத்து அங்குல ஃபில்டரும்

வியட்நாமின் ஹா ஜாங் நகரத்துக் கடையொன்றில் எனக்காக இரண்டு கிலோ மிட்டாய் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைமேல் நிறையக் குழந்தைகள் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான்கு நாள் சுற்றிக்காட்ட வந்த இளைஞன் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சி, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றான்.

'சி' என்றால் அக்கா. வியட்நாமியர்களும் நம்மைப் போலத்தான். முன்பின் தெரியாதவரைக்கூட அக்கா, அண்ணன், சித்தப்பா என்று உறவுமுறை வைத்தே கூப்பிடுவார்கள். ஆனால் அந்தச் சொல் தமிழ்க் காதில் விழும்போது, முதல் நாள் முழுக்க எனக்குச் சுருக்கென்றது. மிட்டாய் விஷயத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது என்பது மறுநாள் தெரிந்தது.

தாம் மா மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டுச் சிறுமிகள், முதுகுக்கூடை நிறையப் பூக்களோடு நின்றார்கள். பயணிகள் படம் எடுத்துக்கொள்வதற்காக. படத்துக்குக் காசு, சிரிப்புக்கு மிட்டாய். அன்று பள்ளி வேலைநாள். கொடுக்காதீர்கள் என்று உள்ளூர் நிர்வாகம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கொடுக்கிற கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பல் மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊரில் சர்க்கரையை இறைத்துவிட்டு, நல்லது செய்த நிறைவோடு நாம் ஊர் திரும்புகிறோம்.

ஹா ஜாங் வியட்நாமின் வடமுனை. அந்தப் பக்கம் சீனா. ஹனோயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், படுக்கை பஸ்ஸில் ஒரு ராத்திரி. 2025 ஜூலையில் இந்த மாகாணத்தைப் பக்கத்து மாகாணமான துவென் குவாங்கோடு இணைத்துவிட்டார்கள். மக்கள் வாயில் இன்னும் ஹா ஜாங்தான். அங்கிருந்து மேலே ஏறினால் தோங் வான் பீடபூமி, 2010இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்காக்களில் (அரிய நில அமைப்புக்காகப் பாதுகாக்கப்படும் இடங்கள்) ஒன்றாகச் சேர்ந்த சுண்ணாம்புப் பாறைக் காடு. மோங் இன மக்கள் கீழிருந்து மண்ணைக் கூடையில் சுமந்து வந்து, பாறைக் குழிகளில் கொட்டி, குழிக்கு நாலைந்து மக்காச்சோள விதை ஊன்றுகிறார்கள். வயல் என்று அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தச் சோளத்தை அரைத்து ஆவியில் வேகவைத்த 'மென் மென்'தான் இங்கே பல வீடுகளில் அன்றாடச் சாப்பாடு. நம் ஊர்ப் புட்டுக்குத் தூரத்துச் சொந்தம். தேங்காயும் சர்க்கரையும் இல்லாமல் தொண்டையில் இறங்க மறுக்கும் சொந்தம்.

மா பி லெங் கணவாயில் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். பல நூறு மீட்டர் ஆழத்தில் ஞோ குவே ஆறு, மரகதப் பச்சையில் ஓடுகிறது. (அந்த 'ஞோ'வைச் சரியாகச் சொன்னதற்காக வழிகாட்டித் தம்பி என்னைப் பாராட்டினான். நம் ஞகரத்துக்கு நன்றி.) இந்த மலைக்காரர்களுக்கு அந்த ஆறு கண்ணுக்கு மட்டும்தான். மழை பெய்கிறது, மே முதல் செப்டம்பர் வரை நன்றாகவே பெய்கிறது. பெய்த நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, பாதாளத்தில் எங்கோ போய்விடுகிறது. நான் போனது மார்ச் மாதம். சாலையோரம் பெண்களும் பெண் குழந்தைகளும் கேன்களைச் சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குத்தான் 'தொங்கும் ஏரிகள்'. பெயரைக் கேட்டுப் பெரிதாகக் கற்பனை செய்துவிட்டேன். மலைச்சரிவில் ஊற்று கசியும் இடத்துக்குக் கீழே வெட்டி, தண்ணீர் உறிஞ்சிப் போகாதபடி தரையையும் சுவரையும் பூசி, சுற்றிலும் வேலி போட்ட பெரிய தொட்டி. அவ்வளவுதான். நான் பார்த்ததில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர் கிடந்தது; பச்சையாக. ஆனாலும், இது வருவதற்கு முன் எத்தனை மணி நேரம் நடந்தார்கள் என்று ஒரு பாட்டி கைவிரலில் எண்ணிக் காட்டியபோது, என் அலட்சியம் அடங்கிவிட்டது.

இன்னொரு வேலையும் இங்கே நடந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்துப் பொறியாளர்கள், வியட்நாமியர்களோடு சேர்ந்து, தோங் வானுக்கு ஆற்றுநீரை ஏற்ற ஓர் ஏற்பாடு செய்தார்கள். சாதாரண பம்பு ஒன்றைத் தலைகீழாக ஓடவிட்டால் அது விசைச்சுழலி (டர்பைன்) ஆகிவிடும். ஆற்றின் நீர் விழும் வேகத்தில் அது சுற்றும். அதே அச்சில் மாட்டிய இன்னொரு பம்பு, அந்த நீரிலேயே ஒரு பங்கை ஐந்நூறு மீட்டருக்கும் மேலே தள்ளிவிடும். டீசலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். விசேஷமாகச் செய்த விசைச்சுழலியைவிட, கடையில் கிடைக்கும் பம்பு விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஊருக்கு நல்லது செய்ய வருகிறவர்களில் எத்தனை பேர் பழுதாகும் நாளைப் பற்றி முதலிலேயே யோசிக்கிறார்கள்?

மூன்றாம் நாள், வழிகாட்டியின் அண்ணி வேலை பார்க்கும் பள்ளிக்குப் போனோம். தூரத்துக் குக்கிராமப் பிள்ளைகள் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். முற்றத்து மூலையில் ஆள் உயரத்துக்குச் சாக்கு மூட்டைகள். தெத் புத்தாண்டுக்கு முன் சமவெளி நகரங்களிலிருந்து வந்த பழைய துணி. பிரித்து அடுக்க ஆசிரியர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனதாம். மெல்லிய மேலங்கிகள், ஒரு ஜோடி குதிகால் செருப்பு, ஒரு நீச்சலுடை. "கடல் வந்தால் போட்டுக்கொள்வோம்" என்றார் அந்த ஆசிரியை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆனால் மதியச் சோற்றில் பன்றி இறைச்சி இருந்தது. அரசு, தங்கிப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 15 கிலோ அரிசி தருகிறது. உதவித்தொகையும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளில் அரிசி இருந்தது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. 2011இல் ட்ரான் டாங் துவான் என்ற பத்திரிகையாளர் யென் பாய் மாகாணத்தின் சுவோய் ஜாங் என்ற மலையூருக்குப் போய், அப்படி வெறும் சோறு தின்னும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வலைப்பூவில் எழுதினார். படித்தவர்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அது 'கம் கோ தித்' என்ற இயக்கமாயிற்று. நேர்ப்பொருள், இறைச்சியுள்ள சோறு. தமிழில் சொன்னால் கறிச்சோறு! இதைவிட நேர்மையான பெயரை ஓர் அறப்பணிக்கு நான் கேட்டதில்லை. ஆண்டுக்கொரு முறை துணிமூட்டை வருவது போலல்ல. சோற்றில் கறி வாரம் தவறாமல் விழ வேண்டும், அதற்கு மாதாமாதம் பணம் வர வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் குறைந்துகொண்டே வருகிறது. 2010 வாக்கில் வியட்நாம் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் ஏறியது. ஸ்வீடன் போன்ற பழைய நண்பர்கள் சில ஆண்டுகளில் விடைபெற்றார்கள். ஹனோயின் கண்ணாடிக் கோபுரங்களைப் பார்த்தால் அது நியாயம்தான். இங்கே நின்று பார்த்தால் அந்தச் சராசரிக் கணக்கு எரிச்சலூட்டுகிறது.

சுகாதார நிலையத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. ஏழைகளுக்கும், இந்த மாதிரிக் கடினமான பகுதிகளின் சிறுபான்மை இனத்தவருக்கும் காப்பீட்டு அட்டையை அரசே இலவசமாகத் தருகிறது. அட்டை இருந்தும் பிரசவத்துக்கு வர மாட்டார்கள், தூரமும் மொழியும் கூச்சமும் தடுக்கும் என்றார் செவிலி. அதனால் மோங் பெண்களையே தேர்ந்தெடுத்து ஊர் மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்தார்கள், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் அதற்குத் துணை நின்றது. தாய்மொழியில் "பயப்படாதே" என்று சொல்ல ஓர் ஆள்.

பள்ளிக்குத் திரும்புகிறேன். சமையலறைக்கு வெளியே பளபளவென்று ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம், மேலே கொடையாளர் பெயர் பொறித்த பலகை. குழாயைத் திறந்தேன், காற்று வந்தது. உள்ளேயிருக்கும் ஃபில்டர்கள் அடைத்துப்போய் ஓராண்டாகிறதாம். மாற்றுவதற்கு எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. புது இயந்திரம் தர ஆள் இருக்கிறார்கள், ஃபில்டர் தர இல்லை. பிள்ளைகளுக்கு அடுப்பில் காய்ச்சித்தான் கொடுக்கிறார்கள்.

நான் கொண்டுபோயிருந்த பத்து ஜாமெட்ரி பெட்டிகளை அப்போதுதான் வெளியே எடுத்தேன். ஆசிரியை மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே முப்பது நாற்பது இருந்தன. பிறகு தயங்கித் தயங்கி, பழைய ஃபில்டரை நான் படம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

ஹனோய் திரும்பியதும் தேடிப்பிடித்து மூன்று வாங்கினேன். ஹா ஜாங் போகும் பஸ்ஸின் வயிற்றில் பெட்டியைப் போட்டு, நடத்துநரிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் போதும். அங்கே அதுதான் தபால். அனுப்பிய நான்காம் நாள் ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தேன்.

"அக்கா, இரண்டு சரியாகப் பொருந்தின. மூன்றாவது பத்து அங்குலம் இல்லை, இருபது. பத்திரமாக வைத்திருக்கிறோம். யாராவது பெரிய இயந்திரம் கொண்டுவருவார்கள்."